மாமியார் சொல்வதா, மிஸ்ஸி சொல்வதா?

நீங்கள் எழுதியதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில் தோட்ட வீடு. பெண் குழந்தை, பிறந்து ஐந்து நாள், எடை 2.9 கிலோ, தொப்புள் கொடி இன்னும் விழவில்லை. ஆஸ்பத்திரியில் முதல் நாள் குளிப்பாட்டாமல் துடைத்து மட்டும் கொடுத்தார்கள் என்று மாமியாருக்கு மனக்குறை. காலை நீட்டி, குழந்தையைக் காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து, நல்ல சூட்டில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்கிறார். மூக்கில் எண்ணெய் விட்டு ஊத வேண்டும், முடிந்ததும் சாம்பிராணி காட்ட வேண்டும் என்கிறார். வீட்டுக்கு வந்த மிஸ்ஸியோ, அதாவது கிளினிக் தாதியோ, பேசினில் ஐந்து நிமிடம் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். "பாதுகாப்பாகக் குளிப்பாட்டுவது எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது, மாமியார் சொல்வதில் எதை ஏற்கலாம், எதை அவர் மனம் நோகாமல் மறுக்க வேண்டும் என்பதைத்தான். அதற்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் 32 வருடம் கிளினிக் டேசா என்னும் கிராமக் கிளினிக்குகளில் சமூகத் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். பாதி வருடங்கள் தோட்டங்களைச் சுற்றியே போயின. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளின் பின்கட்டில் எத்தனை குழந்தைகள் குளிப்பதைப் பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. நான் டாக்டர் இல்லை. உங்கள் குழந்தையை நான் பார்க்கவும் இல்லை. அதனால் இங்கே சொல்வது நலமாகப் பிறந்த, நிறைமாதக் குழந்தைக்கு மட்டும். குறைமாதம், 2.5 கிலோவுக்குக் கீழே, அல்லது ஆஸ்பத்திரியில் ஏதாவது சிகிச்சை எடுத்த குழந்தை என்றால் கதை வேறு. அவர்களுக்கு டாக்டர் சொல்லும்வரை துடைத்துவிட்டாலே போதும்.

முதல் நாள் குளிப்பாட்டாதது ஆஸ்பத்திரியின் அலட்சியம் இல்லை. பிறந்து குறைந்தது 24 மணி நேரம் கழித்தே முதல் குளியல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வயிற்றுக்குள் 37 பாகைச் சூட்டில் இருந்த பிள்ளை வெளியே வந்த உடனே நனைந்தால் உடம்பு சட்டென்று குளிர்ந்துவிடும். மேலே ஒட்டியிருந்த வெள்ளை மாவு அழுக்கு இல்லை, தோலுக்குக் காவல். இதை மாமியாரிடம் அப்படியே சொல்லுங்கள். "குழந்தைக்குக் குளிர் ஒட்டக்கூடாது என்றுதான் ஆஸ்பத்திரியில் குளிப்பாட்டவில்லையாம்" என்றால் அவருக்கு உடனே புரியும். குளிர் ஒட்டக்கூடாது என்பது அவருடைய கவலையும்தான்.

அப்புறம், என் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் உங்கள் குழந்தைக்கு இருக்கும் பெரிய பாதுகாப்பு மாமியாரின் கை. தலை நிற்காத, வழுக்கும் பிள்ளையைப் பயமில்லாமல் பிடிக்கத் தெரிந்த கை அது. முதல் பிள்ளை பெற்ற தாய், தையலோடு, தூக்கமில்லாமல், நடுங்கும் கையோடு தனியாகக் குளிப்பாட்டுவதைவிட அந்தக் கை நூறு மடங்கு மேல். அதை ஒதுக்காதீர்கள். குழந்தையின் மேல் என்ன ஊற்றுகிறோம், உள்ளே என்ன போகிறது என்பதை மட்டும் நீங்கள் உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தண்ணீர். நான் பார்த்த விபத்துகளில் அதிகம் இதில்தான் நடந்தது. பேசினில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன் மேல் சுடுதண்ணீர். இந்த வரிசை மாறவே கூடாது. ஒரு லயத்து வீட்டில் பாட்டி கெட்டிலில் கொதித்ததை முதலில் ஊற்றிவிட்டு, பச்சைத் தண்ணீர் பிடிக்க வெளிக் குழாய்க்குப் போனார். பேசின் தரையில் ஆவி பறக்க இருந்தது. தம்பிப் பாப்பா குளிக்கப்போகிறது என்று ஆசையாக ஓடிவந்த மூன்று வயது அண்ணன் கையை உள்ளே விட்டுவிட்டான். நான் போய்ச் சேர்ந்தபோது மணிக்கட்டுவரை தோல் வழண்டிருந்தது. கொதித்த தண்ணீர்தான் என்றில்லை, 60 பாகைச் சூடே சின்னப் பிள்ளையின் தோலைச் சில விநாடியில் வேகவைத்துவிடும். அதனால் கெட்டில், தெர்மஸ் எல்லாவற்றையும் எடுத்து மேலே வைத்த பிறகுதான் குழந்தையைத் தூக்கி வர வேண்டும். குழந்தை பேசினில் இருக்கும்போது "கொஞ்சம் சூடு சேர்க்கிறேன்" என்று ஊற்றும் பழக்கமும் வேண்டாம்.

சூடு 37, 38 பாகை இருந்தால் சரி. வெப்பமானி இல்லையென்றால் முழங்கையை விட்டுப் பாருங்கள், விரலை இல்லை. பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியும் அடுப்படியில் நின்றும் காய்த்துப்போன கைக்குச் சூடு தெரியாது. "இது என்ன சூடு, வெதுவெதுப்புத்தானே" என்று பாட்டி சொல்வது பொய் இல்லை, அவர் கைக்கு அப்படித்தான் தெரிகிறது. முழங்கை மடிப்பில் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்க வேண்டும். "மாமி, நான் தண்ணீர் கலக்கித் தருகிறேன், நீங்கள் குளிப்பாட்டுங்கள்" என்று சொல்லுங்கள். மறுப்பாகவே தெரியாது, உதவியாகத்தான் தெரியும்.

இனி குளியல். பால் குடித்த உடனே வேண்டாம், கக்கிவிடும். பசியோடும் வேண்டாம், அலறும். வெயில் ஏறிய பிறகு, காலை ஒன்பது பத்து மணி நல்ல நேரம். காற்றாடியை நிறுத்தி, சன்னலைச் சாத்திவிட்டு, துண்டு, மாற்றுத் துணி, நாப்கின், பஞ்சு எல்லாவற்றையும் கை எட்டும் தூரத்தில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். எதையாவது மறந்துவிட்டால் குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய் எடுங்கள். போன் அடித்தாலும், வாசலில் யார் கூப்பிட்டாலும் அப்படித்தான். பேசினில் நான்கு விரல் அகல ஆழம் போதும், ஆனால் அதிலும் பிள்ளை மூழ்கிவிடும். சத்தமே வராது.

துணியைக் கழற்றும் முன்பே முகத்தை முடித்துவிடுங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீரில் நனைத்த பஞ்சால் கண்ணை மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பில் துடைக்க வேண்டும், ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. பிறகு உடம்பைத் துண்டில் சுற்றி, கக்கத்தில் இடுக்கியபடி தலையை மட்டும் நனைத்துக் கழுவி, உடனே துவட்டுங்கள். ஈரத் தலையோடு வைத்திருந்தால் நம் ஊர்ப் புழுக்கத்திலும் பிள்ளை குளிர்ந்துபோகும். அதற்குப் பிறகு உடம்பு. உங்கள் இடது மணிக்கட்டின் மேல் குழந்தையின் பிடரி படிய வேண்டும். அதே கையின் விரல்கள் அந்தப் பக்கத்துக் கக்கத்தைச் சுற்றி வளைத்துப் பிடித்திருக்க வேண்டும். இந்தப் பிடி விடாதவரை பிள்ளை நழுவாது. வலது கை சும்மா இருக்கும், அதுதான் கழுவும் கை.

தாடையை லேசாக உயர்த்தினால் கழுத்து மடிப்பு தெரியும். அதில் வழிந்த பால் தயிர் மாதிரித் திரிந்து ஒட்டியிருக்கும், இரண்டு நாள் விட்டால் புளித்த வாடை வந்து தோல் சிவந்துவிடும். காது மடலுக்குப் பின்னால், கக்கம், தொடை இடுக்கு, மூடிய உள்ளங்கை, இவைதான் உண்மையில் கழுவ வேண்டிய இடங்கள். பெண் குழந்தை என்பதால் முன்னாலிருந்து பின்னால் துடையுங்கள். முதல் வாரத்தில் வெள்ளையாகவோ ஒரு பொட்டு ரத்தமாகவோ படலாம், தாயின் ஹார்மோன் இறங்குவதால் வருவது, பயம் வேண்டாம். சோப்பு போட்டே ஆக வேண்டும் என்றில்லை. போட்டால் வாசனையில்லாத மிதமானது ஒரு துளி போதும். கிருமிநாசினி ஒரு மூடி ஊற்றும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு, பச்சைத் தோலுக்கு அது ஆகாது. ஐந்து நிமிடம், கூடினால் பத்து. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

காலில் போட்டுக் குளிப்பாட்டுவது தப்பா என்றால், என் அனுபவத்தில் இல்லை. அதை ஆராய்ந்து இது கூடும், இது கூடாது என்று வகுத்த விதி ஏதும் நான் படித்ததில்லை, அதனால் இது என் கணிப்பு மட்டுமே. தண்ணீர் தேங்காமல் ஓடிவிடுவதால் மூழ்கும் பயம் குறைவு. இரண்டு கெண்டைக்கால்களின் நடுவே பிள்ளை தொட்டிலில் கிடப்பதுபோல் அடங்கிக் கிடக்கும். ஆனால் உடம்பு வெளியே இருப்பதால் சீக்கிரம் குளிரும். செம்பிலிருந்து நேராக விழும் தண்ணீர் மூக்கில் ஏறும். குப்புறப் போடும்போது முகம் பாட்டியின் கணுக்கால் பக்கம் மறைந்துவிடும், மூச்சு தெரியாது. ஆகவே எண்ணெய் பூசாத கால், தரையிலேயே உட்கார்ந்த நிலை, முகத்தில் ஊற்றாமல் துணியால் துடைப்பது, குப்புறப் போட்டால் நீங்கள் எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்ப்பது, இத்தனையும் இருந்தால் நான் தடுக்கமாட்டேன். என் பணிக்காலத்திலும் தடுத்ததில்லை.

எதைத் தடுப்பேன் என்றால், மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை. இதில் இரண்டு கருத்து கிடையாது. எண்ணெய் மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலில் இறங்கினால் இருமல்கூட இல்லாமல் அங்கேயே தங்கி நிமோனியா ஆக்கும். மூக்கில் வாய் வைத்து ஊதுவதும், தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பதும் அப்படித்தான். குழந்தை தும்முவதே அதன் மூக்கைச் சுத்தம் செய்யத்தான். மார்பு வீங்கியிருக்கிறது, பால் கட்டியிருக்கிறது என்று பிதுக்கவே கூடாது. அது தாயின் ஹார்மோனால் வந்த வீக்கம், சில வாரத்தில் தானாக வற்றும். பிதுக்கினால் சீழ் பிடிக்கும். உரம் விழுந்துவிட்டது என்று சேலையில் போட்டு உருட்டுவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது இரண்டும் வேண்டாம். உச்சிக்குழியைத் தடவிக் கழுவலாம், அழுத்தக்கூடாது.

குளித்த பிறகு வாயில் ஒரு சொட்டு வேப்பெண்ணெய் விடும் பழக்கம் நம்மவர்களிடம் இருந்தது. இப்போது குறைந்துவிட்டது, ஆனால் போய்விடவில்லை. இதைப் பற்றி எச்சரித்தவர்கள் வேறு எங்கோ உள்ளவர்கள் இல்லை, நம் மலேசிய டாக்டர்கள். வேப்பெண்ணெய் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு வந்து மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்டதை 1981-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். தாய்ப்பாலைத் தவிர எதுவும் அந்த வாய்க்குள் போக வேண்டாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் இந்தப் பதிலில் எனக்கு மிக முக்கியமானது. குளித்தபின் போடும் துணி எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது? நம் நாட்டில் பிறந்த குழந்தைகளுக்குத் தொப்புள் கொடி ரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த நொதி குறைந்த பிள்ளைக்குப் பாச்சை உருண்டை, அதாவது துணிப்பெட்டியில் போடும் நாப்தலீன் உருண்டை, விஷம். அதன் ஆவியே போதும், சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை மளமளவென்று ஏறும். ஒரு வீட்டில் மூத்த பிள்ளையின் துணிகளை ட்ரங்குப் பெட்டியில் பாச்சை உருண்டை போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார்கள். புதுப் பிள்ளையை அழகாகக் குளிப்பாட்டி அந்தச் சட்டையைப் போட்டார்கள், அதே பெட்டியிலிருந்த பாத்தேக் துணியில் ஏணையும் கட்டினார்கள். மறுநாள் போனபோது வாசலிலேயே அந்த வாடை எனக்கு அடித்தது. பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு, உள்ளங்கால்வரை மஞ்சளாகக் கிடந்தான். ரத்தமே மாற்ற வேண்டி வந்தது. பிழைத்துவிட்டான், ஆனால் அந்தப் பாட்டி அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. பாசத்தோடு எடுத்து வைத்த துணி. உங்கள் குழந்தையின் பதிவுப் புத்தகத்தில் ஜி6பிடி என்ன என்று எழுதியிருக்கும், இன்றே பாருங்கள். ஆண் பிள்ளைகளுக்கு அதிகம், பெண் பிள்ளைகளுக்கும் உண்டு. குறைபாடு இல்லையென்றாலும் பாச்சை உருண்டை வீட்டை விட்டுப் போகட்டும். பழைய துணியைத் துவைத்து வெயிலில் காயவைத்துப் போடுங்கள். மெந்தால், கற்பூரம் கலந்த வயிற்று எண்ணெய்களையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

சாம்பிராணி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புகை எந்தப் பெயரில் வந்தாலும் அந்தச் சின்ன நுரையீரலுக்குப் புகைதான். சாமி மேடைக்குக் காட்டுங்கள், குழந்தை வேறு அறையில் இருக்கட்டும். பவுடரும் மூச்சில் ஏறும், வேண்டாம். மஞ்சளும் பயத்தமாவும் ஒரு ஆறு மாதமாவது போகட்டும்.

கொடி விழாததால் தண்ணீர் படக்கூடாதோ என்று பயந்திருக்கிறீர்கள். படலாம், ஈரமாக விடக்கூடாது, அவ்வளவுதான். அடிப்பகுதியைச் சுற்றிச் சுத்தமான பஞ்சால் ஒற்றி உலர்த்தி, நாப்கினைக் கொடிக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். பெரும்பாலும் 5 முதல் 15 நாளுக்குள் விழுந்துவிடும். முன்பெல்லாம் நாங்களே ஆல்கஹால் பஞ்சு கொடுத்துத் துடைக்கச் சொன்னோம். இப்போது வெறுமனே சுத்தமாக, உலர்வாக வைத்தால் போதும் என்பதே பொதுவான கருத்து. உங்கள் கிளினிக்கில் ஆல்கஹால் கொடுத்திருந்தால் அவர்கள் சொன்னபடி செய்யுங்கள், அதில் சண்டை வேண்டாம். ஆனால் சாம்பல், மஞ்சள், பவுடர், காசு எதுவும் கொடிமேல் படக்கூடாது. ஒரு காலத்தில் பச்சைப் பிள்ளைகளை ஜன்னி கண்டு சாகடித்தது கொடி வழியாக ஏறிய அழுக்குத்தான்.

எண்ணெய் தேய்ப்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. சில எண்ணெய்கள் பச்சைத் தோலின் மேல் அடுக்கைக் குலைக்கின்றன என்று ஆய்வு உண்டு, கடுகெண்ணெய்க்கு நல்ல பெயரே இல்லை. தேங்காய் எண்ணெய் குறைமாதக் குழந்தைகளின் தோலுக்கு நல்லது செய்ததாகவும் ஆய்வு உண்டு. என்னைக் கேட்டால், சுத்தமான தேங்காய் எண்ணெய் ஒரு தேக்கரண்டி, குளித்த பிறகு, கை கால் முதுகில் மட்டும், நீவாமல் தடவி விடட்டும். குளிக்கும் முன் தடவினால் பிள்ளை மீன் மாதிரி வழுக்கும். தினமும் குளிப்பாட்டுவதும் அப்படித்தான். குளிர் நாட்டில் வாரம் இரண்டு மூன்று முறை என்பார்கள், நம் வெக்கைக்குத் தினம் ஒரு முறை பொருந்துகிறது. இரண்டு முறை தேவையில்லை.

தண்ணீர்த் தடை பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2020-இல் சிலாங்கூர் ஆற்றில் மாசு கலந்து சுத்திகரிப்பு ஆலைகளை மூடியபோது பச்சைப் பிள்ளை வைத்திருந்த வீடுகள் பட்ட பாடு எனக்குத் தெரியும். தண்ணீர் இல்லாத நாளில் குளிப்பாட்டியே தீர வேண்டியதில்லை. காய்ச்சி ஆறிய தண்ணீர் இரண்டு செம்பு இருந்தால் முகம், கழுத்து, கக்கம், தொடை இடுக்கு துடைத்துவிடலாம். தடை முடிந்து குழாயில் முதலில் வரும் கலங்கிய தண்ணீரை ஓடவிடுங்கள். வாசலில் திறந்து கிடக்கும் பீப்பாய் மழைத்தண்ணீர் குழந்தைக்கு வேண்டாம். அந்தப் பீப்பாயை மூடியும் வையுங்கள், ஏடிஸ் கொசு அங்கேதான் முட்டை வைக்கும்.

குளிப்பாட்டும் நேரம்தான் குழந்தையை முழுதாகப் பார்க்கும் நேரம். பகல் வெளிச்சத்தில் நெற்றியை, நெஞ்சை, காலை விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள், அழுத்திய இடம் மஞ்சளாகத் தெரிகிறதா என்று. மஞ்சள் காலுக்கு இறங்கினாலோ, பிள்ளை பாலுக்கு எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ அன்றே கிளினிக்குக்குப் போக வேண்டும். காலை வெயிலில் காட்டினால் போய்விடும் என்று காத்திருக்காதீர்கள், வெயில் அதற்கு மருந்து இல்லை. கொடியைச் சுற்றிச் சிவப்பு பரவினாலும், சீழோ துர்நாற்றமோ வந்தாலும், உடம்புச் சூடு 38-ஐத் தொட்டாலும், துவட்டிச் சுற்றி மார்போடு அணைத்த பிறகும் 36.5-க்குக் கீழே நின்றாலும், மூச்சு வாங்கினாலும் அப்படித்தான், நடு இரவாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புட்டத்தில் நீலமாகத் தெரியும் திட்டு நம் பிள்ளைகள் பலருக்குப் பிறவியிலேயே உள்ளது. யாரும் இறுக்கிப் பிடித்ததால் வந்ததில்லை, அதற்காக மாமியாரைக் குறை சொல்லிவிடாதீர்கள்.

மகளே, ஒரு யோசனை. முதல் பத்து நாளுக்குள் மிஸ்ஸி இன்னும் சில முறை வருவார். கிளினிக்குக்குப் போன் செய்து எத்தனை மணிக்கு வருவார் என்று கேளுங்கள். குளியலை அந்த நேரத்துக்குத் தள்ளி வைத்து, அவர் முன்னாலேயே மாமியாரைக் குளிப்பாட்டச் சொல்லுங்கள். நானும் பல வீடுகளில் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். "உங்கள் பிடி நல்ல பிடி பாட்டி, மூக்கில் மட்டும் எண்ணெய் வேண்டாம்" என்று மிஸ்ஸி சொன்னால் அது சண்டையாகாது. அதுவரை இரண்டு நாள் பஞ்சால் துடைத்துவிடுங்கள், குழந்தைக்கு ஒரு குறையும் வராது.